உயிர் தப்பியது போதுமா?

இலங்கையின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் விபத்துகளில் மாண்டுபோகின்றனர். அவர்களுள் பலர் மோட்டார் சைக்கிளில் சென்றோர் என்பது தாயகச் செய்திகளைத் தொடர்ந்து படித்துவரும் எமது வாசகர்கள் அறிந்ததே. பேருந்து பள்ளத்தில் வீழ்ந்தால் நாடே கலங்குகிறது. 2025 மே மாதம் கொத்மலைப் பகுதியில் 20க்கும் மேற்பட்டோரும், அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேரும் பலியானபோது விசாரணைகள் அறிவிக்கப்பட்டன. அனுதாபச் செய்திகள் குவிந்தன. ஆனால் கொழும்பின் காலி வீதியிலே பேருந்தொன்றினால் இடித்து வீழ்த்தப்பட்டு, கால் முறிந்து, உயிரோடு எஞ்சிய ஓர் இளைஞனைப் பற்றி எந்த அமைச்சர் அனுதாபம் தெரிவித்தார்? "ஒருவர் படுகாயம்" என்னும் இரண்டு சொற்களோடு அவனது கதையைப் பத்திரிகைகள் முடித்துவிடுகின்றன. இன்று நாம் எழுத முற்படுவது அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் நிகழ்வதைப் பற்றியே.

சென்ற மாதம் வாசகர் ஒருவர் எம்மிடம் வந்து ஆலோசனை கேட்டார். அவரது அகதி விண்ணப்பம் இன்னமும் முடிவின்றிக் கிடக்கிறது. வெள்ளவத்தையில் கடையொன்றில் வேலை பார்க்கும் அவரது தம்பி, மாலை வேளையில் காலி வீதியின் இடப்புற ஓரமாக மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். தனியார் பேருந்து ஒன்று அவரை வலப்புறத்தால் முந்தியது. பின்னால் துரத்தி வந்த மற்றொரு பேருந்துக்கு முன்பாகத் தரிப்பிடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில் அது அவருக்குக் குறுக்காக இடப்புறம் வெட்டியது. மோட்டார் சைக்கிளின் கைபிடி பேருந்தின் பக்கத் தகட்டில் உரசியது. அடுத்த கணம் அவர் நடைபாதைக் கல்லின்மீது கிடந்தார். தலைக்கவசம் வெடித்திருந்தது, தலை தப்பியது. தொடையெலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது.

அவர் நடைபாதைப் பக்கமாக வீழ்ந்தார் என்பதிலேதான் உயிர் தங்கியது. நீண்ட வாகனம் ஒன்று திரும்பும்போது அதன் முன்சக்கரம் சென்ற தடத்திலே பின்சக்கரம் செல்வதில்லை. அது உட்புறமாக நெருங்கி, ஓரத்தில் நிற்பவரை வளைத்துப் பிடிக்கிறது. பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையில் அகப்பட்டோர் முன்சக்கரத்துக்குத் தப்பியும் பின்சக்கரத்துக்குத் தப்பாமற் போவது இதனாலேயே. சாரதியின் ஆசனத்திலிருந்து பார்க்கும்போது இடப்புறக் கதவுக்குக் கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. இது பேருந்து ஓட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பாலபாடம். அறிந்திருந்தும் வெட்டுகிறார்கள் என்றால் அவர்களைத் துரத்துவது யாது?

அதற்கு வருமுன் வைத்தியசாலையில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். மூன்றாம் நாள், சத்திரசிகிச்சை முடிந்து தகடும் திருகாணியும் பொருத்தப்பட்டிருந்த நிலையில், பேருந்து உரிமையாளரின் ஆள் ஒருவர் பழங்களோடும் காசு உறையோடும் கட்டிலருகே வந்தார். மிகுந்த மரியாதையோடு பேசினார். சாரதியும் பிள்ளைகுட்டிக்காரர் என்றார். வழக்கு என்று போனால் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும், இரு தரப்பும் சமாதானமாகிவிட்டதாக ஒரு கையொப்பம் மட்டும் போதும் என்றார். தம்பி தமையனுக்குத் தொலைபேசி எடுத்தார். "வைத்துக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ தம்பி, உயிர் தப்பினாயே, அது போதும்" என்று இங்கிருந்து சொல்லப்பட்டது. சொன்னது சரியா என்று கேட்கவே அந்த வாசகர் எம்மிடம் வந்தார்.

அவரை நாம் குறை கூற மாட்டோம். புலம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் இதே வாக்கியம் என்றோ ஒருநாள் தொலைபேசியில் சொல்லப்பட்டிருக்கும். பொலிஸ் நிலையம் என்றாலே நெஞ்சு பதறும் ஒரு தலைமுறையினர் நாம். அடையாள அட்டையில் ஊர்ப்பெயரைக் கண்டதும் மாறும் முகங்களை நாம் மறக்கவில்லை. அங்கே வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. எழுதியது இன்னதென்று அறியாமலே எம்மவர் ஒப்பமிடுகின்றனர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியாயிற்று என்பது அரசியலமைப்பில் இருக்கிறது, இரவுக் கடமையில் இருக்கும் சார்ஜனின் மேசைக்கு அது எப்போதும் வந்து சேர்வதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, விண்ணப்பம் நிலுவையில் உள்ள தமையன் ஒருவன் விமானமேறிச் சென்று கட்டிலருகே நிற்கவும் முடியாது. தூரத்தில் இருப்பவனுக்குச் சிக்கலின்றி முடிவதே நல்ல முடிவாகத் தோன்றுகிறது.

ஆயினும் அந்தக் கையொப்பத்தின் விலை என்ன? உறையில் இருந்த தொகை ஒரு மாதச் சம்பளத்தை எட்டவில்லை. தொடையெலும்பு பொருந்தி, ஊன்றுகோலை விட்டு நடக்கப் பல மாதங்கள் செல்லும். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் கடைக்கு அவர் எப்போது திரும்புவார், திரும்பினால் அந்த இடம் காத்திருக்குமா என்பது தெரியாது. தகட்டை அகற்ற மீண்டும் ஒரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அரசாங்க வைத்தியசாலையில் கட்டிலுக்கும் வைத்தியருக்கும் கட்டணமில்லை என்பது உண்மைதான், அந்நாட்டின் பெருமைகளுள் ஒன்றும் அது. ஆனால் முச்சக்கர வண்டிக் கூலிக்கும், வெளியில் வாங்கும் மருந்துக்கும், வருமானமற்ற மாதங்களின் வீட்டு வாடகைக்கும் எவர் பொறுப்பு? விடை வாசகர்களுக்குத் தெரியும். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவும் தமையனே பொறுப்பு. பேருந்து உரிமையாளர் செலுத்த வேண்டிய நட்டத்தை அகதி ஒருவர் மாதந்தோறும் செலுத்துகிறார். இந்தக் கணக்கு எந்தப் புள்ளிவிபரத்திலும் வருவதில்லை.

இனி, துரத்துவது யாதென்ற கேள்விக்கு வருவோம்.

கொழும்புத் தனியார் பேருந்துகளின் சாரதிகளுள் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் என்பது கிடையாது. நியமனக் கடிதமும் கிடையாது. நாள் முடிவில் உரிமையாளருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கட்டியாக வேண்டும். எரிபொருளுக்கும் அந்தத் தொகைக்கும் மேலாகச் சேர்வதிலிருந்தே சாரதியினதும் நடத்துநரினதும் அன்றைய கூலி பிறக்கிறது. சில இடங்களில் வசூலில் ஒரு பங்கு என்றிருக்கும், விளைவு ஒன்றே. தரிப்பிடத்தில் நிற்கும் பத்துப் பயணிகளும் முன்னால் வரும் பேருந்துக்கே உரியவர்கள். ஒரு நிமிடம் பிந்தினால் அந்தப் பத்துப் பேரின் காசு போயிற்று. ஆகவே கூட்டமில்லாத வேளையில் ஆமை வேகத்தில் ஊர்ந்து ஆள் சேர்க்கிறார்கள். பின்னால் அடுத்த வண்டி தலைகாட்டியதும் பேய் வேகத்தில் பறக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒரே பயணத்தில் அனுபவியாத கொழும்பு வாசி இருக்கமாட்டார். விடிகாலை தொடங்கி இரவு வரை இதே ஓட்டத்தில் இருக்கும் மனிதரின் நிதானம் மாலையில் எந்நிலையில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாரதிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. இடப்புறம் வெட்டிய கை அவருடையதே. சட்டத்தின் முன் அவர் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அவரைச் சிறையில் அடைத்த மறுநாளே அதே ஆசனத்தில், அதே கணக்கோடு, வேறொருவர் அமர்வார்.

1958இல் பண்டாரநாயக்க அரசாங்கம் பேருந்துச் சேவையைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியதற்கு, தனியார் கம்பனிகளின் இத்தகைய போட்டியும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 1970களின் இறுதியில், ஜே.ஆர். ஜயவர்தனவின் திறந்த பொருளாதாரத்தோடு, தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. இம்முறை வந்தவை பெரிய கம்பனிகளல்ல. ஒரு வண்டியோ இரண்டு வண்டியோ வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான சிறு உரிமையாளர்களே வந்தார்கள். கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு அன்றன்றைய வசூலே மூச்சு. 1991இல் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு சட்டத்தினால் அமைக்கப்பட்டது. மாகாணங்களுக்குள் ஓடும் சேவைகள் மாகாண அதிகாரசபைகளின் கீழ் உள்ளன. அனுமதிப்பத்திரம் வழங்கவும் கட்டணம் நிர்ணயிக்கவும் அவற்றுக்கு முடிந்தது. சாரதிக்குக் கூலி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதில் எவரும் உருப்படியாகக் கைவைக்கவில்லை.

இது எம்மவரின் சாபக்கேடு, ஆசியாவின் தலைவிதி என்று பெருமூச்செறிவோரும் உளர். அவர்கள் இலண்டன் நகரின் பழைய கதையை அறிந்துகொள்வது நன்று. 1922 முதல் அந்நகரில் தனியார் பேருந்துகள் பெருகின. 'கடற்கொள்ளைப் பேருந்து' என்றே மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர். ஒன்றையொன்று முந்துவது, குறுக்கே வெட்டுவது, கூட்டமுள்ள தரிப்பிடத்துக்குப் பாய்வது, ஆளில்லாவிட்டால் பாதி வழியில் திரும்புவது என்று இன்று காலி வீதியில் காண்பவை யாவும் அன்று அங்கே நடந்தன. 1924ஆம் ஆண்டின் சட்டம் வழிகளையும் நேரங்களையும் கட்டுப்படுத்தியது. 1933இல் எல்லாம் ஒரே சபையின்கீழ் வந்தன. இன்றும் அந்நகரின் பேருந்துகளைத் தனியார் கம்பனிகளே ஓட்டுகின்றன. ஆனால் அவை நகரப் போக்குவரத்து அமைப்பின் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. பயணி செலுத்தும் காசு சாரதியின் கூலியோடு தொடர்பற்றது. அங்கு வாழும் எமது வாசகர்களுள் அப்பேருந்துகளை ஓட்டுவோரும் உளர். தரிப்பிடத்தில் பத்துப் பேர் நின்றாலும் ஒருவர் நின்றாலும் அவர்களது சம்பளம் ஒன்றே. ஆதலால் முன்னால் செல்லும் வண்டியை முந்த அவர்களுக்குத் தேவை எழுவதில்லை.

டில்லி மாநகரம் மறுவழி சென்றது. 1992இல் அங்கே 'ரெட்லைன்' என்னும் தனியார் பேருந்துகள் விடப்பட்டன. அவற்றின் வேகத்துக்குப் பலர் பலியாகவே மக்கள் கொதித்தெழுந்தனர். வண்டிகளின் நிறம் மாற்றப்பட்டு 'புளூலைன்' ஆயிற்று. சிவப்பு நீலமானதேயன்றி, நாட்கணக்கில் உரிமையாளருக்குக் காசு கட்டும் முறை அப்படியே இருந்தது. 2007ஆம் ஆண்டில் மட்டும் அவற்றால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே அவை படிப்படியாக வீதியிலிருந்து அகற்றப்பட்டன. வர்ணப் பூச்சுக்கு ஆன செலவு பெரிதாக இருந்திருக்காது என நம்புவோம்.

கொழும்பில் இப்போது அசைவு ஏதும் இல்லையென்று கூறமுடியாது. அரச பேருந்தும் தனியார் பேருந்தும் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டும் என்னும் திட்டம் 2025இல் முன்னெடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் போக்குவரத்துச் சபையின் தொழிற்சங்கங்கள் அதனை எதிர்த்துப் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. இணைந்த அட்டவணை என்னும் சொல் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் புதிதன்று; அங்கே இரு தரப்புக்கும் இடையே நெடுங்காலமாக நிகழ்ந்த இழுபறியை ஊருக்குச் சென்றுவந்தோர் அறிவர். அட்டவணையை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று தாளில் எழுதிவிட்டு, வசூலில் கூலி என்பதை அப்படியே விட்டால், நேரக்காப்பாளரின் கையில் ஏதோ திணிக்கப்பட்டு வண்டி நகரும். அட்டவணையும் மாதச் சம்பளமும் சேர்ந்தே வரவேண்டும்.

எம்மவர் பக்கத்திலும் சொல்ல ஒன்று உண்டு. பத்தொன்பது வயது மருமகன் கேட்டான் என்பதற்காக இங்கிருந்து காசு அனுப்பி, அவன் ஓட்டப் பழகுமுன்பே வேகமான மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்போர் எம்மிடையே பலர். அனுமதிப்பத்திரமும் நல்ல தலைக்கவசமும் அந்தச் செலவில் அடங்கட்டும். மேற்சொன்ன தம்பியின் தலைக்கவசம் வீதியோரத்தில் வாங்கிய மலிவுப் பொருளாக இருந்திருந்தால், கையொப்பம் கேட்கவும் ஆள் இருந்திருக்க மாட்டார்.

அந்த வாசகருக்கு நாம் கூறியதை ஏனையோருக்கும் கூறுகிறோம். விபத்து நடந்தவுடன் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய இச்சேவை இப்போது வடக்கு, கிழக்கிலும் உண்டு. பேருந்தின் இலக்கத்தையும் அது ஓடும் வழி இலக்கத்தையும் கூடநின்ற எவரையேனும் கொண்டு குறித்துவைக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாடு கட்டாயம் பதியப்பட வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பது சலுகையன்று, உரிமை. எழுதியது விளங்காவிட்டால் ஒப்பமிட வேண்டியதில்லை. வைத்தியசாலையின் நோய்நிர்ணய அட்டையும் பற்றுச்சீட்டுகளும் பத்திரமாக இருக்கட்டும். இலங்கையில் எந்த வாகனமும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி வீதியில் ஓட முடியாது. காயமடைந்தவரின் நட்டஈட்டுக்காகவே அச்சட்டம் உள்ளது. ஆதலால் உரிமையாளரின் உறையை வாங்குமுன் காப்புறுதி நிறுவனம் எது என்று கேளுங்கள். சமாதானமாவதாயின் சட்டத்தரணி ஒருவர் தொகையைப் பார்த்த பின்பு ஆகலாம். நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும் என்பதையும் மறவாதிருங்கள். எலும்பு பொருந்தட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்து காலம் கடத்தியோர் பலர். எல்லாத் தாள்களினதும் பிரதி ஒன்றை இங்கிருக்கும் உறவினரும் வைத்திருப்பது நல்லது. அங்கே வாடகை வீடு மாறும்போது கடதாசிகள்தான் முதலில் தொலைகின்றன.