மாற்றுச் சிறுநீரகமும் ஊரார் கடமையும்

மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் மருத்துவமனையினின்று வீடு திரும்பியதும் துன்பம் தீர்ந்ததென உலகோர் எண்ணுவர். பேணற்குரிய காலம் அன்றே தொடங்குகின்றது என்பது எம் கருத்து.

1954-இல் பாஸ்டன் நகரில் ஒருகருவிரட்டையருள் ஒருவரது சிறுநீரகம் மற்றவர்க்குப் பொருத்தப்பெற்றது. உடல் அதனைத் தள்ளவில்லை. நம் நாட்டில் இச்சிகிச்சை 1971-இல் வெற்றிகண்ட இடம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாம். ஏனையோர்க்கோ, புதிய உறுப்பை உடல் பகையெனத் தள்ளாவண்ணம் டாக்ரோலிமஸ் முதலிய மருந்துகளை நாடோறும் குறித்த நேரத்தில் உண்ணல் வேண்டும். அம்மருந்துகள் உடலின் காவலையும் தளர்த்துவன. காவலன் அயர்ந்த வீட்டிற் கள்வன் எளிதிற் புகுவானன்றோ?

இராமநாதபுரக் கடற்கரையில் நன்னீர் அரிது. குடத்து நீரை விலைக்கு வாங்குவோர் பலர். அதனைக் கொதிக்கவைத்தே பருகுக. மீனை நன்கு வேகவைத்து உண்க, கருவாட்டைக் குறைக்க. புண்ணுடன் கடலில் இறங்கற்க. ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்திற் கூடும் நெருக்கத்தை விலக்குக. காய்ச்சல் கண்டால் கைம்மருந்து நாடாது அன்றே மருத்துவரை அடைக.

நோயுற்றாரைக் காணச் சுற்றமும் சபையாரும் திரண்டு செல்லும் வழக்கம் அன்பின் வழிப்பட்டதே. ஆயினும், இருமலுடையார் கட்டிலருகிற் செய்யும் செபத்தினும் தம் வீட்டிற் செய்யும் செபமே நன்றென்போம். ஆண்டவர் இரண்டையும் கேட்பார்; நோயாளியின் உடலோ ஒன்றையே தாங்கும்.

இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உளது. எனினும், தூய நீர் வீடுதோறும் வாராதாயின் மருத்துவர் உழைப்பும் வீணாகக் கூடும். ஒருவர் தம் உறுப்பையே ஈந்தார். ஊரார் ஒரு குடம் நன்னீரும் சிறிது இடைவெளியும் ஈதல் அரிதோ?