எமிலியும் ஈவ்லினும்: காதலைத் தேடிய இரண்டு பெண்கள்

ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கிற மாணவர்களில் பலர் ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த இரண்டு பெண்களையும் சந்தித்திருப்பார்கள். ஒருத்தி எமிலி கிரியர்சன். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1930-இல் வெளியிட்ட "எமிலிக்கு ஒரு ரோஜா" கதையின் நாயகி. இன்னொருத்தி ஈவ்லின் ஹில். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904-இல் ஓர் அயர்லாந்துப் பத்திரிகையில் எழுதி, பிறகு 1914-இல் "டப்ளினர்கள்" தொகுப்பில் சேர்த்த "ஈவ்லின்" கதையின் நாயகி. (கதைகளை இன்னும் படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வருவது நல்லது. முடிவுகள் எல்லாம் கீழே வந்துவிடும்.)

எமிலி தன் காதலனைக் கொன்று வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். ஈவ்லின், காதலன் கூப்பிடக் கூப்பிடக் கப்பல் ஏறாமல் நின்றுவிடுகிறாள். வகுப்பில் தீர்ப்பு சட்டென்று வந்துவிடும்: எமிலி பைத்தியம், ஈவ்லின் கோழை. அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.

ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. இருவரும் தேடியது ஏறக்குறைய ஒன்றையேதான். ஒருத்தி கொலைகாரியாகவும் இன்னொருத்தி கல்லாகவும் ஆனதற்குக் காரணம் அவர்களுடைய மனசுக்குள் மட்டும் இல்லை. யார் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதிலும் இருக்கிறது.

அப்பாவின் நிழல்

முதலில் ஒற்றுமையைப் பார்ப்போம். இரண்டு வீட்டிலும் அப்பாதான் எல்லாம். எமிலியின் அப்பா, பெண் கேட்டு வந்த இளைஞர்கள் அத்தனை பேரையும் விரட்டிவிட்டார். கிரியர்சன் குடும்பத்துக்கு ஈடான மாப்பிள்ளை அந்த ஊரில் எவனும் இல்லை என்பது அவர் நினைப்பு. ஊர்க்காரர்கள் மனதில் இருக்கும் சித்திரத்தில்கூட அவர் கையில் குதிரைச் சாட்டையோடு வாசலில் முன்னால் நிற்கிறார். வெள்ளை உடையில் மெலிந்த எமிலி பின்னால் நிற்கிறாள். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா செத்தபோது, அவர் சாகவே இல்லை என்று மூன்று நாள் சாதித்தாள். தன்னிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தவரையே பற்றிக்கொண்டிருந்தாள்.

ஈவ்லினுக்குப் பத்தொன்பது தாண்டியிருக்கிறது. கடையில் வேலை செய்து வாங்கும் ஏழு ஷில்லிங்கையும் அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை இரவானால் வீட்டுச் செலவுக்கு அதே பணத்தைக் கெஞ்சி வாங்க வேண்டும். அண்ணன் தம்பிகளை அடித்து வளர்த்தவர், இப்போது இவளையும் மிரட்ட ஆரம்பித்திருக்கிறார். காப்பாற்ற யாரும் இல்லை. எர்னஸ்ட் இறந்துவிட்டான், ஹாரி வேலை காரணமாக வெளியூர் வெளியூராய்ச் சுற்றுகிறான். இது போதாதென்று, வீட்டைக் கட்டிக்காப்பேன் என்று சாகும் தறுவாயில் இருந்த அம்மாவுக்கு ஒரு வாக்கு வேறு கொடுத்திருக்கிறாள்.

ஜாய்ஸ் இந்த அப்பாவை முழு வில்லனாக ஆக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது பேய்க்கதை படித்துக் காட்டி, ரொட்டி வாட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அம்மா உயிரோடு இருந்த காலத்தில், ஹௌத் குன்றுக்குச் சுற்றுலா போனபோது, பிள்ளைகளைச் சிரிக்கவைக்க அம்மாவின் தொப்பியை மாட்டிக்கொண்டவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒன்றிரண்டு நல்ல ஞாபகங்கள்தான் விலங்கைவிட இறுக்கமாகக் கட்டிப்போடுகின்றன. எப்போதும் அடிக்கிறவரை விட்டுப் போவது எளிது. எப்போதாவது அன்பு காட்டுகிறவரை விட்டுப் போவது கஷ்டம்.

வந்தவர்கள் யார்?

இந்தச் சூழலில் இருவர் வாழ்க்கையிலும் வெளியிலிருந்து ஒருவன் வருகிறான். எமிலிக்கு ஹோமர் பாரன். நடைபாதை போட வந்த வடக்கத்தி ஃபோர்மேன். ஈவ்லினுக்கு ஃபிராங்க். ப்யூனஸ் ஏர்ஸில் வீடு இருப்பதாகச் சொல்லும் மாலுமி. ஹோமர், மஞ்சள் சக்கர வண்டியில் எமிலியை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துப் போகிறான். ஃபிராங்க், ஈவ்லினை நாடகக் கொட்டகைக்குக் கூட்டிப் போகிறான், ஊர் ஊராகக் கதை சொல்கிறான்.

இவர்கள் நல்லவர்களா? இரண்டு கதைகளிலும் நேரடியான பதில் கிடையாது. ஹோமர், தான் கல்யாணம் செய்துகொள்ளும் ரகம் இல்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஃபிராங்க் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று ஹ்யூ கென்னர் போன்ற விமர்சகர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நார்த் வாலிலிருந்து கிளம்பும் கப்பல் லிவர்பூலுக்குத்தானே போகும், அதற்கப்பால் அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்பது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் இதன் எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. இந்தக் கதை பத்திரிகையில் வந்தது 1904 செப்டம்பரில். அடுத்த மாதமே, அக்டோபரில், ஜாய்ஸும் நோரா பார்னகிளும் கல்யாணம் செய்துகொள்ளாமலே அதே நார்த் வாலிலிருந்து கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். நோராவுக்கு அப்போது இருபது வயது. கையில் காசு இல்லை, எதற்கும் உத்தரவாதம் இல்லை. 1931-இல்தான் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். கஷ்டமான வாழ்க்கைதான், ஆனால் ஜாய்ஸ் இறக்கும்வரை சேர்ந்தே இருந்தார்கள். ஆக, கப்பல் ஏறியவள் கெட்டுத்தான் போவாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஃபிராங்க் நல்லவனா கெட்டவனா என்பதை ஈவ்லினும் அறிய வழியில்லை. தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

தேடியது காதலா, கதவா?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஈவ்லினின் நினைவுகளை உன்னிப்பாகப் படியுங்கள். ஃபிராங்க் தன்னைக் காப்பாற்றுவான், தனக்கு வாழ்க்கை கொடுப்பான் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றுகிறது. காதல் என்பது 'ஒருவேளை அதுவும் கிடைக்கலாம்' என்கிற அளவில் பின்னால் வருகிறது. கல்யாணமானால் ஊரில் மரியாதை கிடைக்கும், அம்மாவை நடத்தியதுபோல் தன்னை யாரும் நடத்த மாட்டார்கள் என்று கணக்குப் போடுகிறாள். அவளுக்கு ஃபிராங்க் ஒரு கதவு. வெளியே போகும் கதவு.

எமிலிக்கு ஹோமரும் கதவுதான். ஆனால் அவளுக்கு வேண்டியது உள்ளே சாத்தித் தாழ்ப்பாள் போடும் கதவு. அப்பா போனபோது அவள் கையில் எதுவும் மிஞ்சவில்லை, அந்த வீட்டைத் தவிர. இன்னொருவரும் போய்விடக் கூடாது என்பதே அவளுக்குப் பெரிதாகிவிட்டது. அதனால்தான் ஹோ.பா. என்று எழுத்துப் பொறித்த வெள்ளிச் சாமான்கள், ஆண் உடுப்புகள், இரவு அங்கி வரைக்கும் வாங்கி வைத்தாள். கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாம் தயார், மாப்பிள்ளையின் சம்மதத்தைத் தவிர.

இருவருமே எதிரில் இருக்கும் ஆணை ஒரு மனிதனாகத் தெரிந்துகொள்ளவில்லை என்று குறை சொல்லலாம். சொல்லவும் வேண்டும். ஆனால் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்ல விடப்படாத பெண்ணுக்கு, திடீரென்று ஒருநாள் மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்கும் திறமை எங்கிருந்து வரும்?

ஒருத்தி கொன்றாள், ஒருத்தி உறைந்தாள்: ஏன்?

ஏக்கம் ஒன்றாக இருந்தும் முடிவு ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது?

எமிலிக்குப் பணம் இல்லை, ஆனால் பெயர் இருக்கிறது. அமெரிக்கத் தெற்கில், பழைய வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண் அவள். அவளுக்காக 1894-இல் வரியையே தள்ளுபடி செய்கிறார் மேயர். எலிப் பாஷாணத்துக்கும் மேலான விஷம் கேட்கிறாள். எதற்கு என்று சொல்லவேண்டும் என்கிறது சட்டம். அவள் பதில் சொல்லாமல் முறைத்தே பார்க்கிறாள். கடைக்காரர் ஆர்சனிக்கைக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டு உள்ளேயே இருந்துகொள்கிறார். வீட்டிலிருந்து நாற்றம் வந்தபோது, ஒரு சீமாட்டியிடம் போய் உன் வீடு நாறுகிறது என்று எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறது ஊர். நான்கு ஆண்கள் நள்ளிரவில் திருடர்களைப்போல வந்து சுண்ணாம்பு தூவிவிட்டுப் போகிறார்கள். அவள் வீட்டு வேலையெல்லாம் செய்த கறுப்பின வேலைக்காரர் டோப், கடைசிவரை வாயே திறக்கவில்லை. அவள் செத்ததும் பின்வாசல் வழியாகப் போனவர்தான், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அவரிடமிருந்து எதையாவது தெரிந்துகொள்ளும் முயற்சியை ஊர் எப்போதோ கைவிட்டிருந்தது.

எமிலியின் ஆசை வெளியே பாய்ந்து இன்னொருவர் உயிரை எடுக்க முடிந்ததற்கு இந்த அந்தஸ்து துணைநின்றது. ஈவ்லினிடம் அப்படி எதுவும் இல்லை. சம்பளம் அவளுடையதில்லை. கடையில் மேலதிகாரி மிஸ் கேவன் ஆள் பார்த்து அதட்டுகிறாள். ஈவ்லினின் ஆசை பாய்வதற்கு வெளியே இடம் இல்லை. உள்ளே திரும்பி அவளையே உறையவைத்தது. துறைமுகத்தில் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூப்பிடுகிறவனை அடையாளமே தெரியாதவள்போலப் பார்க்கிறாள். அதைக் கோழைத்தனம் என்று சொல்வது, நீந்தக் கற்றுக்கொடுக்காத பிள்ளையைக் கடலில் இறக்கிவிட்டு, ஏன் மூழ்கினாய் என்று கேட்பது போன்றது.

ஊரின் பங்கு

இவ்வளவு சொல்வதால் எமிலி செய்தது சரியாகிவிடாது. ஹோமர் பாரன் கொல்லப்பட்டான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. "பாவம், காதலுக்காகச் செய்தாள்" என்று உருகுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். விரும்பியவர் விலகினால் உயிரோடு விடக் கூடாது என்கிற எண்ணத்தைச் செய்தித்தாள்களில் இன்றும் பார்க்கிறோம். அதற்குக் காதல் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஆனால் ஊர் தப்பித்துவிடவும் கூடாது. கதையைச் சொல்வதே "நாங்கள்" என்று பேசும் ஊர்தான். அவள் ஹோமரோடு வண்டியில் போனபோது பாதிரியாரை அனுப்பிப் புத்தி சொல்லப் பார்த்தது. அலபாமாவிலிருந்து உறவுக்காரர்களை வரவழைத்தது. ஆனால் அவள் விஷம் வாங்கியதும், தற்கொலை செய்துகொள்ளப் போகிறாள், அதுவே நல்லது என்று பேசிக்கொண்டதே தவிர, ஒருவரும் போய்க் கதவைத் தட்டவில்லை. அவள் காதலித்தபோது தலையிட்டவர்கள், சாகப் போகிறாள் என்று நினைத்தபோது ஒதுங்கிக்கொண்டார்கள். கதையிலேயே மிகக் கொடூரமான இடம் கடைசியில் அந்த அறையில் கிடைக்கும் நரைமுடி என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது இந்த இடம்தான்.

தலைப்பில் வரும் ரோஜாவைப் பற்றிப் பின்னாளில் கேட்டபோது, அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டு ஒரு மரியாதையாகக் கொடுத்ததுதான் அது என்ற பொருளில் ஃபாக்னர் பதில் சொன்னார். அந்த ரோஜா ஊரிலிருந்து ஒருவரிடமிருந்தாவது உயிரோடு இருக்கும்போதே வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

ஈவ்லினுக்கு அதுவும் இல்லை. எமிலியின் அறையை ஊரே கூடி உடைத்துத் திறந்தது. ஈவ்லின் அன்று இரவு வீடு திரும்பியிருப்பாள், எழுதிவைத்த இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போட்டிருப்பாள், மறுநாள் தூசு தட்டியிருப்பாள். கேட்க யாரும் இல்லை. பிணம் விழாத கதை என்பதால் அதில் குற்றம் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

எமிலிகள் அபூர்வம். அவர்களைப் பற்றிச் செய்தி வரும், சினிமா வரும். ஈவ்லின்கள் அப்படி இல்லை. அப்பாவுக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டு, "நல்ல பெண்" என்று பெயர் வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நிற்கிறவர்கள் எல்லா ஊரிலும், எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கோழை என்று சொல்லுமுன், அந்தக் கம்பியை அவர்கள் கையில் கொடுத்தது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்.