அருவி பார்க்கப் போகும் அச்சுவேலி, காணி கேட்கும் மலையகம்

ஓகஸ்ட் பிறந்தால் யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கத்து வான்காரருக்கு ஓய்வில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்திறங்குவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் "நுவரெலியாப் பக்கம் ஒருக்காப் போட்டு வருவம்" என்ற கதை வீட்டுக்கு வீடு தொடங்கிவிடும். இடியப்பப் பார்சலையும் கம்பளிச் சட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இரவில் புறப்பட்டால், ஏ9 வீதியால் கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று ஓடிக் கண்டி தாண்டும்போது விடிந்துவிடும். புசல்லாவை ஏற்றத்தில் ஜன்னலைத் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்கும். அடுத்து றம்பொடை. 109 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிற அந்த இடம் வந்ததும், வழிநெடுகத் தூங்கி வந்த அம்மம்மாவும் எழும்பி உட்கார்ந்துவிடுவார்.

அந்த வியப்புக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் காணாமற்போகும். சுண்ணக்கல் இடுக்குகளில் தேங்கும் மழைநீர்தான் மனிதருக்கும் தோட்டத்துக்கும். அச்சுவேலிக்குப் பக்கத்திலே நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், கீழே போகப் போக உவர்நீர். குடாநாடு முழுவதற்கும் இதுதான் கதை: உப்புநீரின் மேல் நன்னீர் ஒரு படையாக மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணறுகளுக்குள் இறங்கியிருக்கிறது. கடைசியில், 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தையே திறக்க வேண்டி வந்தது. இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்தவர்கள் கேட்பாரற்றுக் கொட்டும் தண்ணீரைப் பார்த்து வாய் பிளப்பதில் புதுமை இல்லை.

முன்பெல்லாம் அருவியைப் பார்த்துவிட்டு ஒரு மடத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ படுத்தெழும்பி வந்தார்கள். இப்போது வசதியுள்ள குடும்பங்கள் ரிசோட்டில் அறை போடுகின்றன. மலையகத்தின் பெயர்பெற்ற சொகுசு விடுதிகள் பலவும் தேயிலைத் தோட்டத்தின் எலும்பிலேயே எழுந்தவை. கந்தப்பொலையில் மூடிக்கிடந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்களை டில்மா தேயிலைக் குடும்பம் 2005இல் 'சிலோன் ரீ ட்ரெயில்ஸ்' என்ற விடுதியாக்கியது. அங்கே ஓர் இரவு தங்கப் பல நூறு டொலர் வேண்டும். இந்த விடுதிகளால் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சமையலறையிலும் வரவேற்பிலும் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அதை மறைக்கக்கூடாது.

ஆனால் காலைத் தேநீரோடு வராந்தாவில் இருந்து பார்க்கும் அந்தப் பச்சைச் சரிவில் அதே நேரம் ஒரு வேலைநாள் நடந்துகொண்டிருக்கிறது. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிய பெண்கள், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடியோடு கொழுந்தெடுக்கிறார்கள். தராசில் நிறுக்கும்போது துரைமார் வைத்த இறாத்தல் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். நாட்கூலி 1,000 ரூபா ஆவதற்கு 2021வரை போராட வேண்டியிருந்தது. 2024 செப்ரெம்பரில் 1,350 ஆனது. 2025 நவம்பரில் வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில், அரசு தரும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்றார்கள். வராந்தாவில் இருப்பவர் ஓர் இரவுக்குக் கொடுத்ததைச் சம்பாதிக்கச் சரிவில் நிற்பவருக்கு மாதக்கணக்கு வேண்டும்.

சம்பளம் ஏறினால் மட்டும் இந்த இடைவெளி மூடாது. காணியில்தான் கிடக்கிறது முடிச்சு.

எல்லவைப் பார்த்தால் இது விளங்கும். ராவணன் எல்ல அருவியும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் உலகத்தை அழைத்து வந்தபோது, அந்த ஊரில் சொந்தக் காணி வைத்திருந்த குடும்பங்கள் வீட்டோடு ஓர் அறையைக் கட்டின, பிறகு இரண்டு, பிறகு மாடி. வெள்ளைக்காரரின் காசு நேரே அடுப்படிக்கு வந்தது. பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசைவீட்டில், இருப்பவருக்கு அதே அருவி, அதே பாலம், அதே பயணிகள்தாம். ஆனால் அவரால் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியாது. சுவர் தோட்டத்தினுடையது, முற்றமும் தோட்டத்தினுடையது. கையில் காணி உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது. விருந்தினர் இல்லம் என்று பதிவதற்கு அவர் பெயரில் ஒரு வீடும் இல்லை. 2024இல் இலங்கைக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். மலைநாட்டுக்கு ஏறியவர்களின் காசில் லயத்துக்கு இறங்கியது விடுதி வேலைக்கும் சாரதி வேலைக்குமான கூலி மட்டும்தான்.

இது தற்செயலாக வந்ததன்று. 1820களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடமிருந்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கு போட்டது. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி நீங்க 2003வரை காத்திருந்தார்கள். தோட்டங்களை 1970களில் அரசு எடுத்து, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்து, 53 ஆண்டுக் குத்தகை எழுதியபோது, அந்த மண்ணிலே தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவர்கள் பத்திரத்தின் எந்தப் பக்கத்திலும் கட்சிக்காரராக இல்லை. தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுப் போடப் பிரதேச சபைக்கு இருந்த சட்டத் தடைகூட 2018இல்தான் திருத்தப்பட்டது.

2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி தோட்டக் குடும்பங்களுக்கு மேலும் 10,000 வீடு கட்டித் தருவதாக அறிவித்தார். இத்தகைய வீடுகளுக்கு அப்போது ஒதுக்கிய காணி 7 பேர்ச். அச்சுவேலிக்காரருக்கு இதைப் பரப்பில் சொன்னால் உடனே பிடிபடும்: ஒரு பரப்பு 10 பேர்ச். முக்கால் பரப்புக்கும் குறைந்த நிலத்தில் வீட்டையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் இரண்டு முருங்கையையும் அடக்கிக் காட்டச் சொன்னால் எந்த யாழ்ப்பாணத்து அப்புவும் சண்டைக்கு வருவார். அதிலே விருந்தினருக்கு ஓர் அறை எங்கே கட்டுவது?

காணி போனால் என்ன போகும் என்பது அச்சுவேலி இருக்கும் வலிகாமத்துக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990இல் போரினால் பலாலி, வசாவிளான், மயிலிட்டி, காங்கேசன்துறை என்று ஊர் ஊராக எழும்பி ஓடியவர்களில் எத்தனையோ பேர் அச்சுவேலியிலும் சுற்றுப்புறத்திலும் வந்து ஒதுங்கினார்கள். அவர்கள் திரும்பிப் போக முன்னரே, 2010இல் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் 'தல்செவன' உல்லாச விடுதி திறந்துவிட்டது. தெற்கிலிருந்து வந்தவர்கள் கடல் பார்த்துச் சாப்பிட்டுப் போக, ஊர்க்காரர் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். 2013 ஏப்ரலில் இராணுவத்துக்கென்று 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொந்தக்காரர் நீதிமன்றம் போனார்கள். அதன் பிறகு துண்டு துண்டாக விடுவித்தார்கள். 34 ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில்தான் திறந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு.

வலிகாமத்தார் நீதிமன்றம் போகக் கையில் உறுதி இருந்தது. பழைய காணிப் பதிவான தோம்பு இருந்தது, பாட்டன் பெயர் இருந்தது. மலையகத்தாரில் பெரும்பாலோருக்கு அந்தத் துண்டுக் கடதாசியே இல்லை. தல்செவனவைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் துரை பங்களாவின் வராந்தாவில் இருந்து அந்தச் சரிவைப் பார்க்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

இதில் யாழ்ப்பாணத்துக்குப் பழைய கடனும் உண்டு. தோட்டத்துக் கந்தோர்களில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் இருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டுவேலைக்குக் கூட்டிவந்து பள்ளிக்கூடம் அனுப்பாமல் வளர்த்த வீடுகள் குடாநாட்டில் எத்தனை! அதே குடாநாட்டிலிருந்து போய் மலையகப் பள்ளிகளில் உயிரைக் கொடுத்துப் படிப்பித்த ஆசிரியர்களும் உண்டு. 1949இல் செல்வநாயகம் பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்த மக்களின் குடியுரிமையும் ஒரு காரணம். 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சியில் இன்னமும் காணிப் பத்திரத்துக்கு அலைகின்றன. நுவரெலியா போகும் வான் அவர்கள் ஊரைத் தாண்டித்தான் ஓடுகிறது.

ஆகவே போகட்டும், தாராளமாகப் போகட்டும். தலவாக்கலையில் சென் கிளயர் அருவியையும் பார்க்கட்டும். 2012இல் 150 மெகாவாற் மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு மேலே அணைக்குத் தண்ணீர் போக, பார்க்க வருபவர்களுக்காகப் பகலில் நீர் விடுகிற ஏற்பாட்டில் அது ஓடுகிறது. நாட்டுக்கு மின்சாரமும் டொலரும் கொடுக்கிற அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருக்கிறவர்களின் கூரைத் தகரத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். அருவிக்கு மேலே சாப்பாட்டுத் தாளையும் போத்தலையும் எறியாமல் வரட்டும். கீழே லயத்துக்குக் குழாய் போட்டு எடுப்பது அந்த ஓடைத் தண்ணீரைத்தான்.

அதைவிடப் பெரிய வேலை வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்கிறது. தோட்டக் கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அதுவரை பொறுத்திருக்கத் தேவையில்லை. ஒரு பங்களாவையோ அருவிக் கரையையோ விடுதிக்கென்று கம்பனி துணைக் குத்தகைக்கு விட அனுமதி கேட்கும் ஒவ்வொரு தடவையும், அந்தத் தோட்டத்து லயக் குடும்பங்களுக்கு 20 பேர்ச்சுக்குக் குறையாமல் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அரசு வைக்கலாம். மலையக உறுப்பினர்கள் இதைக் கேட்கும்போது வடக்கின் வாக்கும் கூட நிற்க வேண்டும். காணி விடுவிப்புக்காகச் சபையில் தொண்டை வரளக் கத்தியவர்களுக்கு இது கைவந்த கலைதான்.

வெளிநாட்டில் இருக்கும் அச்சுவேலியாருக்கும் ஒரு பங்கு உண்டு. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் அவர்களுடைய சங்கங்கள் அள்ளிக் கொடுப்பது ஊரறிந்தது. ஏற்கெனவே வீடும் காணிப் பத்திரமும் கிடைத்து, ஓர் அறைக்கு இடமும் உள்ள மலையகக் குடும்பங்களுக்கு வட்டியில்லாமல் ஒரு சிறிய சுழற்கடன் வைத்தால், அடுத்த ஓகஸ்டில் போகிற வான் அந்த வீடுகளிலேயே நிற்கலாம். தொடக்கத்துக்கு ஒரு வீட்டுக்கு வேண்டியது ஓர் அறை, சுடுதண்ணீர் வரும் ஒரு குளியலறை, வாசலில் ஒரு பெயர்ப்பலகை. கடனைத் திருப்பிக் கட்டும் காசு அங்கே தங்குகிற அச்சுவேலியாரின் கையிலிருந்தே வரும்.