சிற்றாறும் சிறுமீனும்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அமைந்தது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தோன்றிய பெருமை இவ்வூர்க்கு உண்டு. குற்றாலத்தில் அருவியாக வீழும் சிற்றாறு, இப்பகுதி வயல்களை வளப்படுத்திச் சென்று, சீவலப்பேரியருகே பொருநையோடு கலக்கின்றது. அவ்வாறு மனிதர்க்கு மட்டும் உரியதன்று. அதில் வாழும் மீன்களுக்கும் உரியது.

ஆற்றுக் கற்களில் பாசி படர்கின்றது. அப்பாசியைப் பூச்சிகளின் இளவுயிர்கள் உண்கின்றன. அவற்றை அயிரையும் சிறு கெண்டையும் உண்கின்றன. சிறுமீன்கள் விராலுக்கு இரையாகின்றன. மீன்கொத்தியும் நாரையும் நீர்நாயும் மீன்களை உண்டு வாழ்கின்றன. இத்தொடர்பே உணவு வலை எனப்படும். வலையில் ஒரு கண்ணி அறுந்தால், அதனை அடுத்த கண்ணிகளும் தளரும் அன்றோ?

அக்கண்ணியை அறுப்பவன் மனிதனே. சோப்பு நுரை மீனின் செவுள்களைப் புண்படுத்தும். ஆற்றில் கலக்கும் சாக்கடைக் கழிவு அழுகும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். மீன்கள் மூச்சுத் திணறி மடியும். மணலை அளவின்றி அள்ளினால், மீன்கள் முட்டையிடும் இடம் அழியும்.

நன்மை கருதிச் செய்யும் செயலும் சில வேளைகளில் தீமையாய் முடிவதுண்டு. உணவு பெருகவேண்டும் என்னும் நோக்கத்தோடு 1952ஆம் ஆண்டில் திலேப்பியா மீன் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. ‘ஜிலேபிக் கெண்டை’ எனப்படும் அம்மீன் தன் குஞ்சுகளை வாயில் அடக்கிக் காக்கும். ஆதலின் விரைந்து பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும்.

பொருநைப் படுகைக்கே உரிய கெண்டையினம் ஒன்றை 1954ஆம் ஆண்டில் சைலஸ் என்னும் அறிஞர் உலகிற்கு அறிவித்தார். வேறெந்த ஆற்றிலும் அது இயற்கையாய் வாழ்வதில்லை. இங்கே அழியுமாயின் அதற்கு வேறு புகலிடம் இல்லை.

நீராட வருவோரை நம்பிப் பலர் பிழைக்கின்றனர். அவர்களைக் கட்டுப்படுத்தலாகாது என்பர் சிலர். நீராடுதலை எவரும் தடுக்கவில்லை; நீரைக் கெடுத்தலே தவறு. அருவிகளில் எண்ணெய், சோப்பு முதலியவற்றைப் பயன்படுத்தலாகாது என 2014ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆயினும் ஆணை மட்டும் ஆற்றைக் காவாது. காவலர் காணாத துறையிலும் மாசு செய்யாத மனமே அதனைக் காக்கும். தன் உடல் அழுக்கைப் போக்கவந்தவன், அவ்வழுக்கைச் சிறுமீனின் இல்லத்தில் விட்டுச் செல்லுதல் அறமாகாது.