பட்டம் பெற்றார், பயிற்சி பெற்றார், பரிசோதனை செய்தாரா?

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்பகுதியிலும் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சந்திரன் சூரியனை மறைத்தும் முற்றும் மறைக்காது, ஓரம் மட்டும் வளையல் போல் ஒளிரும் அரிய காட்சி அது. அன்று நாம் நண்பர் ஒருவர் இல்லத்திலிருந்தோம். அவர் விஞ்ஞானப் பட்டதாரி; பள்ளியொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவர். கூடத்தின் நடுவே பித்தளைத் தாம்பாளத்தில் நீர் வார்த்து, அதில் உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும் வேளையில் மட்டுமே உலக்கை தானாக நிற்குமாம், விட்டதும் விழுந்துவிடுமாம். வீட்டுப் பெரியோர் அங்ஙனம் நம்பியதில் நமக்கு வியப்பில்லை. நண்பரும் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்ததே வியப்பு. கிரகணம் உண்டாவது எவ்வாறு என வினவினோம். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் வருவதையும், அதன் நிழல் விழுவதையும் பிழையறச் சொன்னார். "நல்லது, நாளைக்கும் இவ்வுலக்கையை நிறுத்திப் பார்ப்பீர்களா?" என்றோம். "நாளைக்குக் கிரகணம் இல்லையே!" என்றார்.

அடிப்பாகம் தட்டையான உலக்கை எந்நாளும் நிற்கும். பொறுமையாக நிறுத்தும் கை வேண்டும், அவ்வளவே. சூரியனும் சந்திரனும் ஒரு திசையில் நின்று இழுப்பதனால் நிற்கிறதென்பார், அவ்விரண்டும் ஒவ்வோர் அமாவாசையிலும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கிரகணமற்ற நாளிலும் செய்து பார்த்தல் என்பது பரிசோதனையின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைக் கல்லாமலே ஒருவர் சர்வகலாசாலையில் நான்காண்டு பயின்று, விஞ்ஞான ஆசிரியராக வெளிவர முடிகிறது! நண்பரை இகழ்வது நம் கருத்தன்று. அவர் உழைப்பாளி, மாணவர்பால் அன்புடையவர். குற்றம் அவரை ஆக்கி அனுப்பிய பயிற்சியினுடையது என்பதே நம் வழக்கு.

அப்பயிற்சி பெரும்பாலும் எவ்வாறு நடைபெறுகிறது? ஆசிரியராக வரும் இளைஞன் தலையில் இரண்டு மூட்டைகளை ஏற்றுகிறார்கள். ஒன்று பௌதிகம், இரசாயனம், உயிர்நூல் என்னும் பாட மூட்டை. மற்றொன்று மனோதத்துவம், வகுப்பை ஆளும் முறை, பாடக்குறிப்பு எழுதும் முறை என்னும் போதனை மூட்டை. முன்னதைத் தருபவர் பள்ளிக்கூடத்தை நினைப்பதில்லை. பின்னதைத் தருபவர் பௌதிகத்தை நினைப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது இளைஞனின் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். இது புதிதாக நாம் கண்டுபிடித்த குறையன்று. ஒரு பொருளை அறிதல் வேறு, கற்பிக்கத்தக்க வடிவில் அதனை அறிதல் வேறு, பின்னதும் ஒரு தனியறிவே என்று லீ ஷுல்மன் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் 1986ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதன் பின் ஆசிரியப் பயிற்சி நூல்களெல்லாம் அவர் பெயரைச் சொல்கின்றன. மூட்டைகள் மட்டும் இன்னும் இரண்டாகவே இருக்கின்றன.

"ஆய்வுக்கூடம் உண்டே" என்பார் உளர். உண்டு. அங்கு நடப்பதையும் சொல்வோம். ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பின் அளவைக் காணச் சொல்கிறார்கள். விடை 9.8 என்று கைந்நூலில் முன்னரே அச்சாகியிருக்கிறது. ஒரு மாணவனுக்கு 9.2 வருகிறது. அவன் என்ன செய்கிறான்? பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து எண்ணைத் திருத்துகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். தன் ஊசல் ஏன் 9.2 காட்டியது, கயிற்றின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளவாது மேல்நுனியோடு நிறுத்திவிட்டோமோ என்று அவன் தேடியிருந்தால், அந்த ஒரு மணி நேரம் அவனை ஆசிரியனாக்கியிருக்கும். திருத்தியதனால் எழுத்தன் ஆனான். சமையற் குறிப்பைப் படித்து அளவு பிசகாமல் சோறாக்குவது விஞ்ஞானமாயின், நம் வீட்டு அடுக்களைகளிலெல்லாம் பேராசிரியைகள் இருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் உப்புக் கூடினால் காரணம் தேடுகிறார்கள். ஆய்வுக்கூடத்து மாணவன் அதையும் செய்வதில்லை.

பெரிய சர்வகலாசாலைகளில் இக்குறை இராது என்று எண்ண வேண்டா. 1987ஆம் ஆண்டு ஹார்வர்டில் பட்டமளிப்பு நாளன்று, பட்டம் பெறுவோர், பழைய மாணவர், ஆசிரியர் ஆகிய 23 பேரை நிறுத்தி, பருவங்கள் ஏன் மாறுகின்றன, சந்திரன் ஏன் தேய்ந்து வளர்கிறது என்பவற்றைக் கேட்டுப் படம் பிடித்தார்கள். 21 பேர் தவறினர். கோடையில் பூமி சூரியனுக்கு அண்மையில் வருகிறது என்று பலர் சொன்னார்கள். உண்மையோ நேர்மாறானது: பூமி சூரியனை நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், அப்போது அவர்கள் ஊரில் பனி பெய்கிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதே பருவத்திற்குக் காரணம் என்பதை அவர்கள் படித்திருக்க வேண்டும். படித்தும் ஒட்டவில்லை. சிறு வயதிற் கொண்ட தப்பெண்ணம் விரிவுரையால் கரைவதில்லை.

கோடையும் பனியும் இல்லாத நம் நாட்டில் இதனை எவ்வாறு கற்பிப்பது? ஒரு கோலே போதும். பள்ளி முற்றத்தில் அதனைச் செங்குத்தாக நட்டு, உச்சிப்பொழுதின் நிழலை வாரந்தோறும் குறித்து வாருங்கள். கோலாலம்பூரில் ஜூன் மாதத்து உச்சி நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும். மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நிழலே இராது. அச்சின் சாய்வைத் தோட்டத்துச் சிறுவனும் தரையில் காணலாம். இன்னொன்றும் காண்பான். மிகக் குறுகிய நிழல் கடிகாரத்தில் மணி பன்னிரண்டில் விழாது. பெரும்பாலான நாட்களில் ஒரு மணிக்குப் பிறகே விழும். கோல் பொய் சொல்கிறதா, கடிகாரம் பொய் சொல்கிறதா? நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கோலாலம்பூரோ 102 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்திலிருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால் விடை வந்துவிடும். தீபகற்பத்தின் கடிகாரங்களை 1982ஆம் ஆண்டுப் பிறப்பில் அரை மணி முன்தள்ளிய செய்தியைத் தாத்தாவிடம் கேட்டறியலாம். பௌதிகமும் பூகோளமும் நாட்டு வரலாறும் ஒரு கோலின் நிழலில் கிடக்கின்றன! ஆயினும் சர்வகலாசாலையில் ஒருமுறையேனும் இங்ஙனம் தானே நட்டு, தானே தவறி, தானே தேடியவரன்றி வேறெவர் இதனைக் கற்பிக்கத் துணிவார்? மாணவன் "ஏன் ஒரு மணி?" என்று கேட்டுவிடுவானே என்னும் அச்சத்தால் கோலை நடாமலே பாடப்புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

கோல் போதும் என்றதனால் நுண்காட்டி வேண்டா, ஆய்வுக்கூடம் வேண்டா என்று யாரும் நம் பேச்சைத் திரித்துக்கொள்ள வேண்டா. பேராக்கில் ஒரு தோட்டப் பள்ளியில் நுண்காட்டியைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதை நாம் கண்டோம். உடைந்துவிடும் என்றார்கள். கருவி இருந்தது; அதனைத் தொடும் துணிவை எவரும் ஆசிரியருக்குத் தரவில்லை.

இனி மொழியைப் பற்றி. 2003ஆம் ஆண்டு முதல் மலேசியப் பள்ளிகளில் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவு செய்து, பின்னர்ப் படிப்படியாக நீக்கினார்கள். இக்காலமெல்லாம் எம்மொழி என்ற வாதம் ஓயவில்லை. அனைத்துலகத் தேர்வான டிம்ஸில் நம் நாட்டு இரண்டாம் படிவ மாணவர் 2003இல் விஞ்ஞானத்தில் பெற்ற சராசரி 510. 2011இல் பெற்றது 426. இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எல்லாவற்றையும் ஆசிரியப் பயிற்சியின் தலையில் நாம் சுமத்தவில்லை. ஆனால் மொழிக்காக மேடையேறியோரில் எத்தனை பேர், கற்பிப்பவர் எதனைச் செய்து பார்த்திருக்கிறார் என்று கேட்டார்கள்?

மொழிக் கேள்வியும் இங்கேதான் வந்து சேர்கிறது. இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்க வருபவர், இடைநிலைப் பள்ளியில் அதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்றவர். விஞ்ஞானத்தைப் பற்றித் தமிழில் சிந்தித்த வயது அவருக்குப் பன்னிரண்டோடு முடிந்தது. அமிலம், காரம் என்ற சொற்கள் அவருக்குத் தெரியும். அவற்றைக் கொண்டு ஒரு காரணத்தை நான்கு வாக்கியத்தில் சொல்ல வராது. நம் முன்னோர் ரப்பர்ப் பாலில் அமிலம் கலந்து உறைய வைத்தார்கள். உறையாதிருக்க வேண்டுமாயின் அமோனியா சேர்த்தார்கள். பாலிலுள்ள நுண்துகள்கள் எதிர்மின் ஏற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்பதும், அமிலம் அவ்வேற்றத்தைப் போக்கியதும் அவை ஒட்டிக்கொள்வதும் எத்துணை இனிய பாடம்! தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ஆயினும் அத்தொட்டியருகில் நின்ற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தைத் தமிழில் இரசாயனமாக்கிச் சொல்லும் ஆசிரியரை எந்த வகுப்பு பழக்குகிறது? சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியாகிய உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்கே தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் கேள்வியே எழாது. எழும் இடம் மலேசியா. இங்கும் அதனைக் கேட்பாரில்லை.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? டெக்சஸ் சர்வகலாசாலை ஆஸ்டினில் 1997ஆம் ஆண்டு 28 மாணவரோடு ஒரு முறையைத் தொடங்கியது. விஞ்ஞானத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து நடத்தின. முதலாண்டிலேயே மாணவனைத் தொடக்கப்பள்ளி வகுப்பில் நிறுத்தினார்கள். ஆசிரியத் தொழில் தனக்கு ஒவ்வாதெனின் அப்போதே விலகிக்கொள்ளலாம். பள்ளியில் நெடுங்காலம் கற்பித்துத் தேர்ந்தவர்களைச் சர்வகலாசாலைக்கு அழைத்து வழிகாட்டச் செய்தார்கள். விடை முன்னறியாத ஆராய்ச்சியைத் தானே வகுத்து நடத்துவது பாடத்தின் ஒரு பகுதி. பின்னர் வேறு பல சர்வகலாசாலைகள் இம்முறையை மேற்கொண்டன. தஞ்சோங் மாலிமில் 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் சர்வகலாசாலையாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் நிலையம் நம்மிடையே இருக்கிறது. ஆசிரியர்களை ஆக்குவதையே பிறவிப்பயனாகக் கொண்ட அந்நிலையமும், ஆசிரியப் பயிற்சிக் கழகங்களும் இதனைச் செய்யத் தடை யாது?

"பாடம் தெரிந்தவனுக்குக் கற்பிக்கத் தெரியாதா?" என்று பட்டதாரிப் பெருமக்கள் சிலர் கேட்கிறார்கள். தாம்பாளத்தில் நின்ற உலக்கையை அவர்களுக்குக் காட்டுகிறோம்.

தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுதோறும் மனு எழுதுகின்றன. கட்டிடம் வேண்டும், கணினி வேண்டும், மண்டபம் வேண்டும் என்பன அவற்றில் தவறாமல் இருக்கும், வேண்டியவைதாம். அடுத்த மனுவில் இன்னும் மூன்று வரிகளைச் சேர்க்கும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பள்ளிக்கு வரும் விஞ்ஞான ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் விடையறியாத ஓர் ஆராய்ச்சியையேனும் செய்து முடித்தவராக இருத்தல் வேண்டும். அதனைத் தமிழில் எழுதி, தமிழ்ப் பிள்ளைகள் முன் விளக்கியவராக இருத்தல் வேண்டும். முதலாண்டு முதற்கொண்டே பள்ளி வகுப்பில் நின்று பழகியவராக இருத்தல் வேண்டும். மனுவைப் பெறும் அதிகாரி இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும் என்று கேட்பார். கோல் ஒன்றின் விலையிலிருந்து கணக்கைத் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.