குடும்ப நலம்: கரிசல் வெயிலும் முகக் காப்பும்

சித்திரை பிறக்கும் நாட்களில், நண்பகல் 12.20 மணி அளவில், கோவில்பட்டிக் கரிசலில் ஒரு கம்பை நேராக நட்டு வைத்தால் அதற்கு நிழலே விழாது. கதிரவன் அப்பொழுது நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கிறான். ஆண்டுக்கு இருமுறை இவ்வாறு நிகழ்கிறது. இரண்டாவது முறை வருவது ஆகஸ்ட் இறுதியில், வேளாங்கண்ணியில் கொடியேறும் 29-ஆம் நாளை ஒட்டி. இவ்விரு காலங்களுக்கும் இடையே கதிரவன் சற்று வடக்கே சென்று திரும்புகிறானேயன்றி, நம்மை விட்டு வெகுதூரம் அகல்வதில்லை. இத்தகைய மண்ணில் வாழும் குடும்பங்கள் முகத்தோலைக் காப்பது பற்றிச் சிந்திப்பது ஆடம்பரம் ஆகாது.

கதிரவனின் வெப்பத்தை நாம் உணர்கிறோம்; ஒளியைக் காண்கிறோம். புற ஊதாக் கதிர்களையோ உணர்வதுமில்லை, காண்பதுமில்லை. தோலுக்கு ஊறு செய்வன பெரும்பாலும் இவையே. இவற்றுள் 'பி' வகைக் கதிர் தோலின் மேற்புறத்தைச் சுட்டுப் புண்ணாக்கும். 'ஏ' வகை ஆழமாக ஊடுருவிக் கருமையையும் சுருக்கத்தையும் உண்டாக்கும். பேருந்தின் சன்னல் கண்ணாடியையும் அது கடந்து வரும்.

ஆகவே, உடல் சுடவில்லை என்பதால் வெயில் தாக்கவில்லை என்று எண்ணுதல் தவறு. ஆடி மாதத்தில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நம் முகத்தையும் குளிர்விக்கிறது. ஆனால் அந்தக் காற்று புற ஊதாக் கதிரில் ஓர் அணுவையும் குறைப்பதில்லை. மெல்லிய மேகமும் அதனை முழுதாகத் தடுப்பதில்லை.

நம்முடைய மாநிறத் தோலில் இயற்கையாகவே மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுதி. வெள்ளையரைக் காட்டிலும் நமக்குத் தோற்புற்று குறைவாக வருவதற்கு அதுவே முதன்மையான காரணம். எனினும் அது முழுக் கவசமன்று. கன்னங்களிலும் நெற்றியிலும் படரும் மங்கு, வெயில் பட்டவுடன் தோன்றும் அரிப்பும் தடிப்பும், கண்ணின் வெண்பகுதியில் சதை வளர்தல், கண்புரை ஆகியவை நம்மவரிடம் மலிந்துள்ளன. மங்கு சிறப்பாகப் பெண்களுக்கு, அதிலும் கருவுற்ற காலத்தில், தோன்றுகிறது. வெயில் அதனை மேலும் கறுக்கச் செய்கிறது.

காக்கும் வழிகளுள் முதலாவது நேரம். காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரை கதிர் மிகக் கடுமை. நம் நிழல் நம் உயரத்தினும் குட்டையாக இருக்கும் வேளையெல்லாம் எச்சரிக்கைக்குரிய வேளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பருத்தி எடுப்பு, களையெடுப்பு போன்றவற்றை விடியலில் தொடங்கி முற்பகலில் முடிக்கும் நம் முன்னோர் வழக்கம் மிகச் சரியானதே.

இரண்டாவது உடை. புடவையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காட்டுவேலைக்குச் செல்லும் நம் பெண்களைப் பார்த்து யாரும் நகைக்க வேண்டா. கைகளுக்கு அதைவிடச் சிறந்த காப்பு இல்லை. துணி நெருக்கமாக நெய்யப்பட்டதாய் இருத்தல் வேண்டும். நைந்துபோன மெல்லிய வெள்ளைத் துணி கதிரை எளிதில் உள்ளே விடும். தலைத்துண்டு முகத்திற்கு நிழல் தருவதில்லை. அகன்ற விளிம்புள்ள ஓலைத்தொப்பி தரும்.

மூன்றாவதாக வருவதே, கடைகளில் 'சன்ஸ்கிரீன்' என்று கேட்டு வாங்கும் வெயில்காப்புக் களிம்பு. துணியால் மறைக்க இயலாத முகம், காது, கழுத்து ஆகியவற்றுக்கு அது உரியது. தேர்ந்தெடுக்கும்போது உறையில் இரண்டு குறிகளைப் பாருங்கள். 'எஸ்.பி.எஃப்.' என்பது பெரும்பாலும் 'பி' வகைக் கதிருக்கு எதிரான காப்பைக் குறிக்கும். எண் 30 எனில் ஏறத்தாழ 97 விழுக்காடும், 50 எனில் 98 விழுக்காடும் தடுக்கப்படும். இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே பெரிய எண்ணுக்காகப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. 'பி.ஏ.' என்பதன் பின்வரும் கூட்டல் குறிகள் 'ஏ' வகைக் கதிருக்கு எதிரான காப்பைக் காட்டும். மூன்று குறிகளேனும் இருப்பது நலம்.

எண்ணெய் வழியும் முகத்திற்குக் கூழ் போன்ற 'ஜெல்' வகையும், வறண்ட முகத்திற்குக் களிம்பு வகையும் பொருந்தும். எளிதில் அரிக்கும் தோலுக்கு, நறுமணம் சேர்க்காத, துத்தநாக ஆக்சைடு உள்ள வகை ஏற்றது. அது மாநிற முகத்தில் வெளிறிய பூச்சாகத் தெரியலாம். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயமுள்ள வகையைக் கேட்டு வாங்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்கச் செய்யுமாதலின், அதையும் ஓரளவு தடுப்பது இதுவே.

எதை வாங்கினாலும் அளவு குறைந்தால் பயன் குறையும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்கும் பிதுக்கி எடுத்ததே முகத்திற்கும் கழுத்திற்கும் போதுமான அளவு. வெளியே செல்வதற்குக் கால்மணி நேரம் முன்பாகப் பூசுக. வெயிலிலேயே நிற்போர் 2 மணி நேரத்திற்கு ஒருமுறை வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் பூசுதல் வேண்டும். இந்தக் கணக்கில் நாளைக்கு ஒருமுறை பூசினால் 50 கிராம் டியூப் ஏறத்தாழ 40 நாட்களுக்கே வரும். ஆதலின், கடுகளவாகத் தொட்டுத் தடவும் விலையுயர்ந்த களிம்பைவிட, தாராளமாகப் பூசக்கூடிய எளிய விலைக் களிம்பே மேலானது.

இதன் பயன் ஆய்ந்து அறியப்பட்டதாகும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்து நம்பூர் என்னும் ஊரில், 1992-இல் தொடங்கி 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. நாள்தோறும் களிம்பு பூசியவர்களுக்கு ஒருவகைத் தோற்புற்று குறைந்தது. தோல் முதுமையடைவதும் தாமதப்பட்டது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நமக்குப் புற்றின் அச்சம் குறைவு. மங்கும் தோலின் ஊறுமே நம் கவலை.

இனி, சில குடும்பங்களை வாட்டும் ஒரு மயக்கத்தைக் கூறியாக வேண்டும். வெயில்காப்புக் களிம்பு வேறு. சிவப்பழகுக் களிம்பு வேறு. 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லையே நீக்கிக்கொண்டது. ஆனால் வெள்ளை நிறமே அழகு என்ற எண்ணம் நம் வீடுகளை விட்டு நீங்கிற்றா? பெண் பார்க்க வருமுன் நிறம் கூட வேண்டும் என்று, மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மாதக்கணக்கில் பூசும் பெண்கள் இன்றும் உளர். தொடக்கத்தில் முகம் வெளுக்கும். பின்னர்த் தோல் மெலிந்து சிவக்கும். பருவும் முடியும் தோன்றும். வெயில் முன்னிலும் கடுமையாகச் சுடும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவண் அரசு 2018-இல் விதித்தது இதன் பொருட்டே. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-இல், பாதரசம் கலந்த சிவப்பழகுக் களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் காலாவதி நாளும் இல்லாத டியூபைத் தொடவே வேண்டா.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் செல்வதும் கேடே. சாறும் கதிரும் சேர்ந்து தோலைக் கொப்புளிக்கச் செய்யும். மஞ்சள் பூச்சு வெயிலுக்குக் காப்பாகாது. டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளையும், இரத்த அழுத்தத்திற்குரிய ஹைட்ரோகுளோரோதையசைடையும் உட்கொள்வோருக்கு வெயில் எளிதில் ஒவ்வாமை தரும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் களிம்பு வேண்டா, நிழலே போதும். வேம்பில் தூளி கட்டிப் படுக்க வைத்தால் நிழல் நகர நகரத் தூளியையும் மாற்றிக் கட்டுக.

நிறைவாக ஒன்று. பல இல்லங்களில் களிம்பு வாங்கப்படுவது கல்லூரிக்குச் செல்லும் மகளுக்காக. நாள் முழுதும் காட்டில் குனிந்து நிற்கும் தாய்க்கோ, சாலை வேலைக்குச் செல்லும் தந்தைக்கோ அது வாய்ப்பதில்லை. 'இந்த வயதில் எனக்கெதற்கு?' என்று தாயும் ஒதுங்கிவிடுகிறாள். வெயிலில் அதிகம் நிற்பவருக்கே காப்பு அதிகம் தேவை. மங்கு படர்ந்த முகத்தை மறைக்க முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளும் தாய்மார்கள் எத்தனை பேர்! அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது மகளுக்கொன்று வாங்கினால் தாய்க்கும் ஒன்று வாங்குங்கள்; பணம் ஒன்றுக்கே இருக்குமாயின், காட்டுக்குச் செல்பவர் கையில் அதைக் கொடுங்கள். இறைவன் தந்த நிறத்தை மாற்றுவதற்காக அன்று, அவர் தந்த தோலைப் பேணுவதற்காக.