துணியும் துணிவும்: குறைந்த ஊக்கத்தொகையில் ஓர் ஆய்வாளரின் உடுப்பு

ஆய்வுக்கு வருபவரை எவரும் உடையால் அளப்பதில்லை என்பது பல்கலைக்கழகங்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமைகளில் ஒன்று. ஐதராபாத்தின் வளாகங்களிலும் அது அடிக்கடி ஒலிக்கிறது. கசங்கிய கதர்க் குர்த்தாவும் தேய்ந்த செருப்புமாகக் கருத்தரங்கை நடத்தும் மூத்த பேராசிரியர் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறார். ஆனால் அந்தக் குர்த்தாவுக்குள் இருப்பவர் பேராசிரியர் என்பது அரங்கில் உள்ள அனைவருக்கும் முன்பே தெரியும். அதே கசங்கல், குடும்பத்திலிருந்து முதன்முதலாக முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த ஒருவரின் சட்டையில் இருந்தால் அது எளிமை எனப் படிக்கப்படுவதில்லை. அக்கறையின்மை என்றோ வறுமை என்றோ படிக்கப்படுகிறது. ஒரு குறியின் மதிப்பு அக்குறிக்குள் இல்லை, பிற குறிகளுக்கு நடுவே அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பது சசூர் தொட்டு மொழியியலின் பால பாடம். உடைக்கும் அது பொருந்தும்.

இந்த நகரமே அதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டை வைத்திருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தை 1918-இல் நிறுவிய ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானை, 1937 பிப்ரவரியில் 'டைம்' இதழ் உலகின் மிகப் பெரிய செல்வராக அட்டையில் இட்டது. அவரோ பழைய செர்வானியையும் நைந்த தொப்பியையும் ஆண்டுக்கணக்கில் அணிந்தவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய கந்தை, சிக்கனம் என்றும் விசித்திரம் என்றும் இன்றுவரை சுவையான கதைகளாகப் பேசப்படுகிறது. அதே காலத்தில் அதே நகரத்தில் கந்தை அணிந்து நடந்த கூலித் தொழிலாளியைப் பற்றி எந்தக் கதையும் இல்லை. உடையைப் பொருட்படுத்தாமல் இருப்பதும் ஒரு சொத்துதான். அது எல்லோரிடமும் இருப்பதில்லை.

ஆதம் சுமித் 1776-இல் வெளியான தம் நூலில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். உயிர் வாழ லினன் சட்டை தேவையில்லை. ஆயினும் அவர் காலத்து ஐரோப்பாவில் நாணயமான கூலியாள் ஒருவர் அது இன்றிப் பொது இடத்துக்கு வர நாணுவார். ஆகவே அதுவும் அடிப்படைத் தேவையே என்பது அவர் வாதம். அமர்த்தியா சென் 1983-இல் வறுமை பற்றி எழுதிய கட்டுரையில் இதே எடுத்துக்காட்டைக் கையாண்டு, வெட்கமின்றிப் பிறர்முன் தோன்றும் ஆற்றலை மனிதரின் அடிப்படை ஆற்றல்களுள் ஒன்றாக வைத்தார். தென்னாட்டு வரலாற்றுக்கு இந்தப் பாடத்தை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதுமில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பதிற்றாண்டுகள் போராடி 1859-இல் அரச அறிவிப்பைப் பெற்றனர். 1927 டிசம்பரில் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் பேசும்போது, சாதி அடையாளமாகிப்போன புடவைக்கட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார். உடை அற்பமானது எனில் அதை மறுக்க இத்தனை அடியும் உதையும் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே ஆய்வு மாணவர் ஒருவர் தம் அன்றாட உடுப்பைச் சீர்செய்துகொள்ள விரும்புவது ஆடம்பரமன்று. கேள்வி, எந்தப் பணத்தில் என்பதே. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2010-இல் 16,000 ரூபாயாக இருந்து படிப்படியாக உயர்ந்து, 2023 சனவரி முதல் 37,000 ரூபாய் ஆயிற்று. தேசியத் தகுதித் தேர்வுவழி அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் படிப்போருக்கான தொகையோ 2012-இல் நிர்ணயிக்கப்பட்ட 8,000 ரூபாயாகவே நின்றுவிட்டது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த முடிவெடுக்கப்பட்டு, மாணவர் போராட்டத்துக்குப் பின்னரே அது தொடர்ந்தது. உணவுக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு, அச்சிடும் செலவு, வீட்டுக்கு அனுப்பும் தொகை ஆகியவை போக, இந்த எட்டாயிரத்தில் உடைக்கு இருபதில் ஒரு பங்கை ஒதுக்குவதே அரிது. ஒதுக்கினாலும் மாதம் 400 ரூபாய். ஆண்டுக்கு 4,800 ரூபாய்.

இந்த 4,800 ரூபாயை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்ச் சொற்களே ஒரு தொடக்கத்தைத் தருகின்றன. 'துணி' என்பதன் அடி வெட்டுதல், துணிக்கப்பட்டது துணி. 'துண்டு' என்பதும் அவ்வாறே. சங்க காலத்தில் ஆடைக்கு 'அறுவை' என்றொரு பெயர் உண்டு; மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற புலவரின் பெயரில் அது வணிகப் பெயராகவே நிற்கிறது. தறியிலிருந்து அறுக்கப்பட்டதே ஆடை; தைத்து முடித்து, அளவு எண் குத்தி, உறையில் இட்டு விற்கப்படும் பொருள் அன்று. ஐதராபாத்தின் பத்தர்கட்டி, சுல்தான் பஜார், செகந்திராபாத்தின் ஜெனரல் பஜார் ஆகிய இடங்களில் இன்றும் மீட்டர் கணக்கில் துணி வெட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. அங்கு 'கட்பீஸ்' என்று கேட்பவர், அறியாமலே 'அறுவை' என்ற பழஞ்சொல்லைத்தான் மொழிபெயர்த்துக் கேட்கிறார்.

இரண்டாவது தொடக்கம் ரோலன் பார்த்திடமிருந்து வருகிறது. 1964-இல் வெளியான தம் குறியியல் அறிமுகத்தில் அவர் உடையை மொழியைப் போலப் பகுத்தார். உடலின் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அணிய முடியாத, ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வரக்கூடிய உடைகள் ஒரு வாய்பாடு; மேலும் கீழுமாகச் சேர்த்து அணிபவை ஒரு தொடர். சிறிய உடுப்புத் தொகுதியைத் திட்டமிட இதைவிட நல்ல வழி இல்லை. ஐந்து மேலாடைகளும் மூன்று கீழாடைகளும் ஒன்றோடொன்று தடையின்றிச் சேருமானால் பதினைந்து தொடர்கள் கிடைக்கும். ஒரு மேலாடை ஒரே ஒரு கீழாடையோடு மட்டும் சேருமானால், அது மரபுத்தொடரைப் போல: அழகாக இருக்கலாம், ஆனால் அதைக்கொண்டு புதிய வாக்கியம் அமைக்க முடியாது. எனவே கீழாடைகள் கருநீலம், கருப்பு, அடர்பழுப்பு போன்ற நிறங்களில், கோடோ பூவோ இன்றி இருக்கட்டும். வண்ணமும் வடிவமும் மேலாடைக்கு உரியவை.

புதிதாக வாங்குமுன் இருப்பதை எண்ணுவது முதல் வேலை. பெட்டியில் உள்ள அனைத்தையும் கட்டிலில் பரப்பினால், பாதி உடைகள் சிறு குறையால் ஒதுங்கிக் கிடப்பது தெரியும்: ஒரு பொத்தான், பிரிந்த தையல், இறங்கிப்போன மடிப்பு, இறுகிய இடுப்பு. இவை தையற்காரரிடம் ஒரு மாலை வேலை. மடிப்பில் தேய்ந்த சட்டைக் காலரைப் பிரித்து, திருப்பித் தைக்கும் பழைய வழக்கம் பல தெருவோரத் தையற்கடைகளில் இன்னும் உண்டு. சட்டைக்கு மேலும் ஓர் ஆண்டு ஆயுள் கிடைக்கும். ஆண்டின் முதல் ஐந்நூறு ரூபாயை இதற்கே செலவிடலாம்.

அடுத்து வாங்குவது. தக்காணத்தின் கோடைக்குப் பருத்தியே பொருத்தம். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு ஏறக்குறைய 1.6 மீட்டரும், 44 அங்குல அகலத்தில் குர்த்தாவுக்கு ஏறக்குறைய 2.5 மீட்டரும் போதும். அகலத்தைக் கேட்காமல் மீட்டரை மட்டும் சொன்னால் துணி குறைந்துபோகும், அல்லது வீணாகும். தையற்கூலி துணி விலையை எட்டிவிடும் கடைகளும் உண்டு என்பதால், இரண்டையும் கூட்டிப் பார்த்தபின் ஆயத்த ஆடையோடு ஒப்பிட வேண்டும். பருத்தி சுருங்கும், தைக்கக் கொடுக்குமுன் ஒருமுறை நனைத்து உலர்த்துவது நல்லது. மங்களகிரிப் பருத்தி, நகரிலிருந்து கிழக்கே ஓரிரு மணி நேரப் பயணத்தில் உள்ள பூதான் போச்சம்பள்ளியின் இக்கத் துணி ஆகியவை மீட்டர் கணக்கிலும் கிடைக்கும். இக்கத்தில் நூலே முதலில் கட்டிச் சாயமிடப்படுவதால் வடிவம் இருபுறமும் தெரியும். மேலே அச்சிட்ட போலிகளில் பின்புறம் வெளிறியிருக்கும். புவிசார் குறியீடு பெற்ற துணி என்பதால் போலிகளும் மிகுதி. புரட்டிப் பார்ப்பது அவசியம். தெலுங்கு ஆஷாடம் சந்திர மாதம். பெரும்பாலும் தமிழ் ஆடிக்கு முன்பே அது தொடங்கிவிடும். ஊருக்குப் போய் ஆடித் தள்ளுபடியில் வாங்கக் காத்திருக்கும் தமிழ் மாணவருக்கு ஐதராபாத்திலேயே தள்ளுபடி முந்திக் கிடைக்கும்.

விலை மலிவு வேறு, செலவு குறைவு வேறு. 300 ரூபாய்ச் சட்டை இருபது முறை அணிந்ததும் நிறமும் வடிவும் இழக்கும் எனில், ஒருமுறை அணிவதற்கு 15 ரூபாய். 750 ரூபாய்ச் சட்டை நூறு முறை தாங்கும் எனில் ஏழரை ரூபாய். இந்தக் கணக்கு பலருக்கும் தெரிந்ததே. ஆனால் 750 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிந்தவருக்கே அது பயன்படும். ஊக்கத்தொகை சில மாதங்கள் தாமதித்து மொத்தமாக வரும் வளாகங்களில், காத்திருக்கும் மாதங்களில் 300 ரூபாய்ச் சட்டையே வாங்கப்படுகிறது. ஏழைக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியும் அப்படித்தான். கேட்க எளிதாக இருக்கும் அந்த அறிவுரைக்குள் தண்ணீரும் சோப்பும் வெயிலும் மறைந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கசக்கிய கந்தை உலரும்வரை உடுத்திக்கொள்ள வேறொரு துணி மறைந்திருக்கிறது. மழைக்கால விடுதி அறையில் இரண்டு நாள் உலராத சட்டையைப் பார்த்தவருக்கு, தூய்மை என்பது பழக்கத்தால் மட்டும் வருவதன்று, எண்ணிக்கையாலும் வருவது என்பது புரியும். ஐந்து மேலாடை என்ற எண் அதனால்தான்.

பழைய உடையை வாங்கி உடுத்தலாமே என்ற கேள்வி இப்போது வளாகங்களில் வலுவாக எழுகிறது. சூழலியல் நோக்கில் அது நியாயமானதே. புதிய துணி ஒவ்வொன்றும் நீரையும் நிலத்தையும் தின்றே வருகிறது. ஆனால் பழந்துணி இந்த மண்ணில் வெறும் பழந்துணியாக இருந்ததில்லை. சூத்திரருக்கு எச்சில் உணவையும் நைந்த ஆடையையும் கொடுக்கச் சொல்கிறது மனுநூலின் பத்தாம் அத்தியாயம். சண்டாளருக்குப் பிணத்தின் ஆடையை விதிக்கிறது. ஊரின் பழந்துணியை வாங்கி உடுத்த வேண்டியிருந்த பாட்டியின் பேத்தி, தன் முதல் ஊக்கத்தொகையில் கடைக்குப் போய்ப் புதுத்துணியை விரித்துக் காட்டச் சொல்லி வாங்குகிறாள் எனில், அவளிடம் நுகர்வு மோகம் பற்றிப் பாடம் எடுப்பது பொருந்தாது. அதற்காகப் பரிமாற்றமே கூடாது என்பதுமில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் பரிமாற்றம் வேறு. மேலிருந்து கீழே இறங்கும் தானம் வேறு. விடுதியில் ஆண்டுக்கு இருமுறை எல்லோரும் ஓர் உடையைக் கொண்டுவந்து ஓர் உடையை எடுத்துச் செல்லும் ஏற்பாடு முதல் வகை. ஏழை மாணவர்க்கு என்று எழுதி வைத்த பெட்டி இரண்டாம் வகை.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. உடைக்கு இத்தனை கவனம் கொடுப்பது, உடையால் அளக்கும் வழக்கத்தை ஏற்றுக்கொள்வதாகாதா? மாற்ற வேண்டியது அளப்பவரை அல்லவா? கொள்கை அளவில் அது சரியே. ஆனால் அந்த மாற்றம் வரும்வரை நேர்முகத் தேர்வுகள் காத்திருப்பதில்லை. அநீதியான இலக்கணம் ஒன்றைக் கற்றுக்கொண்டு பேசுவதும், அதே இலக்கணத்தை எதிர்த்து எழுதுவதும் ஒருவராலேயே இயலும். ஆங்கிலம் கற்ற ஒவ்வொரு முதல் தலைமுறை ஆய்வாளரும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

எனவே கோரிக்கைகள் மாணவரிடம் மட்டும் வைக்கப்படக் கூடாது. ஊக்கத்தொகை மாதந்தோறும் குறித்த நாளில் வரவேண்டும். 2012-இன் எட்டாயிரம் திருத்தப்பட வேண்டும். நேர்முகத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்குமான அழைப்புக் கடிதங்களில் 'தகுந்த உடை' என்ற மூடுசொல்லை நீக்க வேண்டும், அல்லது தூய்மையான எந்த அன்றாட உடையும் தகுந்ததே என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு தையல் இயந்திரமும், மழையிலும் துணி உலரும் கூரையிட்ட இடமும் அமைக்க ஆகும் செலவு, ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் விருந்துச் செலவுக்குக் குறைவாகவே இருக்கும். நெறியாளர்கள் மாணவரின் ஆய்வேட்டைத் திருத்தலாம்; காலரைப் பற்றிய நகைச்சுவையைத் தவிர்க்கலாம்.

'துணி' என்ற அதே அடியிலிருந்து 'துணிவு' என்ற சொல்லும் வருவதாகக் கொள்வர். ஐயத்தை வெட்டி முடிவுக்கு வருதலே துணிதல். முதல் கருத்தரங்கில் எழுந்து கேள்வி கேட்கத் தயங்கும் மாணவர்களில் சிலரேனும் தயங்குவது கேள்வி இல்லாமையால் அன்று. எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால்தான். அவர்களுக்கு அறிவுரை தேவையில்லை. நேரத்துக்கு வரும் ஊக்கத்தொகையும் உலர்ந்த ஐந்து சட்டைகளும் போதும்.